நாற்பது பிரதிகளும் ஒரு கொம்பும்

என் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நான்கு மாதமாக ஒரு பொய் இருந்தது. "இந்நூல் 40 பிரதிகள் மட்டுமே அச்சிடப்பட்டது. அச்சுப் பணி முடிந்தபின் மரக்கட்டைகள் இரத்து செய்யப்பட்டன" என்று இரண்டு வாக்கியம். முதல் வாக்கியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவதை நான் எழுதியபோது பன்னிரண்டு கட்டைகளும் பழைய போர்வை ஒன்றில் சுற்றப்பட்டு மேசைக்கு அடியில் சௌக்கியமாக இருந்தன. அந்தக் கடைசிப் பக்கத்தையும் சேர்த்து அச்சடித்துக் கொடுத்தால்தான் தையல் வேலை ஆரம்பிக்கும். அதனால் நடக்கப்போவதை நடந்ததாக எழுதிவிட்டேன். இந்தத் தொழிலில் பலரும் அப்படித்தான் செய்வார்கள். அச்சு முடிந்ததும் ஒரு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையின் குறுக்கேயும் உளியால் ஆழமாக ஒரு கோடு இழுப்பார்கள். இனி அந்தக் கட்டையில் நல்ல பிரதி எடுக்க முடியாது, வாக்கியமும் மெய்யாகிவிடும். என்னால் அந்த ஒரு நாளை வரவழைக்க முடியவில்லை.

சோம்பல் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, எனக்கு நாற்பது என்ற அந்த எண்ணோடேயே சண்டை என்று.

புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு மரச்செதுக்குப் படங்கள், கைத்தயாரிப்புத் தாள், கையால் தைத்த கட்டு. படங்களுக்கு மூலம் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1515இல் மரத்தில் செய்த காண்டாமிருகம். அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. இரும்புக் கவசம் போட்டு ஆணி அடித்ததுபோல மடிப்பு மடிப்பாக, செதில் செதிலாக நிற்குமே, அதுதான். அந்த விலங்கின் கதையும் பலருக்குத் தெரிந்ததுதான். குஜராத் சுல்தான் இரண்டாம் முசாபர் ஷா அதை போர்ச்சுகீசிய ஆளுநர் அல்புகெர்க்குக்குக் கொடுக்க, அவர் அதைக் கப்பலேற்றி போர்ச்சுகல் மன்னர் மானுவலுக்கு அனுப்ப, 1515 மே 20 அன்று அது லிஸ்பனில் இறங்கியது. மன்னர் அதை ஒரு யானையோடு மோதவிட்டுப் பார்த்தார், யானை ஓடிவிட்டது. பிறகு போப் பத்தாம் லியோவுக்குப் பரிசாக அனுப்பப்பட்டு, 1516இன் தொடக்கத்தில் இத்தாலியக் கரைக்கு அருகில் கப்பல் மூழ்கி, சங்கிலியோடு கடலுக்குள் போனது. கண்டா என்பதுதான் லிஸ்பனில் அதற்கு வழங்கிய பெயர். தமிழில் அந்த விலங்கின் பெயரைச் சொல்லிப் பார்த்தால், பாதி தூரம் அதே ஒலி வருகிறது. ஐரோப்பாவுக்கு அது அதிசயப் பெயர், நமக்கு அதில் பழைய சொந்தம் ஒன்று கேட்கிறது.

டியூரர் அதைப் பார்க்கவே இல்லை. லிஸ்பனிலிருந்து நியூரம்பெர்க்குக்கு வந்த ஒரு வர்ணனையையும் ஒரு கோட்டோவியத்தையும் வைத்துக்கொண்டு வரைந்தார். அதனால் தோள்களுக்கு நடுவில், பிடரி மேல், இல்லாத ஒரு குட்டிக் கொம்பை முறுக்கி வைத்துவிட்டார். படத்துக்கு மேலே அச்சுக்கோத்த வரிகளில் விலங்கு வந்த ஆண்டு 1513 என்று இருக்கிறது. அதுவும் தப்பு. ஆனாலும் கிட்டத்தட்ட இருநூறு வருடம் ஐரோப்பாவில் காண்டாமிருகம் என்றால் இந்தப் படம்தான். 1741இலிருந்து கிளாரா என்ற நிஜக் காண்டாமிருகத்தை ஊர் ஊராக ஓட்டிக்கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் இதன் பிடி தளர்ந்தது. இந்தப் பயணத்தைத்தான் நான் பன்னிரண்டு படமாகச் செய்தேன். டியூரரின் விலங்கு எட்டாவது படத்தில்தான் வரும். அதற்கு முந்தைய ஏழிலும் விலங்கின் ஏதாவது ஒரு துண்டுதான் தெரியும்: கப்பலின் அடித்தளத்தில் ஒரு கால், கயிறு, ஒரு காது, தண்ணீர்த் தொட்டியில் மூக்கு. பார்க்காமல் வரைந்தவரின் புத்தகத்தில் முழு விலங்கை எடுத்த எடுப்பில் காட்டக் கூடாது என்று ஒரு பிடிவாதம்.

மெனி

எட்டாவது படத்துக்கு மட்டும் பேரி மரப் பலகை வாங்கினேன். டியூரர் காலத்துக் கட்டைகளும் பெரும்பாலும் பேரி மரம்தான். மற்றதெல்லாம் பிளைவுட். அளவும் அவருடையதே. ஏறக்குறைய ஒரு ஏ4 தாள் அளவுதான் அந்தப் படம். அவ்வளவு பெரிய விலங்கு அவ்வளவு சின்ன இடத்தில் நிற்கிறது என்பது மூலத்தை அளவெடுக்கும்வரை எனக்கு உறைக்கவில்லை.

அவர் படத்துக்கு மேலே வரிகள் வைத்திருப்பதுபோல நானும் தமிழில் நான்கு வரி வைத்தேன். எழுத்துருவில் அச்சடித்து ஒட்டியிருக்கலாம். செய்யவில்லை, எழுத்தையும் மரத்திலேயே செதுக்கினேன். மரத்தில் எல்லாம் தலைகீழ் இல்லை, இடவலம் மாறி இருக்க வேண்டும். தமிழைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலச் செதுக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ப மட்டும்தான் ஏறக்குறைய உங்கள் பக்கம் நிற்கும். ட எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்க வேண்டும் என்று மூன்றாவது வார்த்தையிலேயே குழம்பிவிடும். எழுத்துக்கு முன்னால் வரும் கொம்பு பின்னால் போய்விடும், காலுக்கும் ரகரத்துக்கும் ஏற்கெனவே இருக்கிற சச்சரவு இன்னும் மோசமாகும். தாளில் எழுதி, கவிழ்த்து ஒட்டி, அதன் மேலேயே வெட்டினால் தப்பு வராது என்பார்கள். அப்படித்தான் வெட்டினேன். தப்பு வந்தது.

விலங்கின் நிறம் புள்ளி போட்ட ஆமையின் நிறம் என்று டியூரரின் வரிகளில் வரும். அதைத் தழுவி "ஆமை நிறத்து மேனி" என்று எழுதியிருந்தேன். பதினொன்றாவது பிரதியை எடுத்துக் கொடியில் தொங்கவிட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது, "ஆமை நிறத்து மெனி". கொம்பின் சுழி இல்லை. உளி வழுக்கியிருக்கிறது, அல்லது நான் வழுக்கியிருக்கிறேன். மரச்செதுக்கில் மை ஒட்டும் இடம்தான் மீதி மரம். கூடுதலாக ஒரு சுழி இருந்தால் சீவி எடுத்துவிடலாம். இல்லாத சுழியை எங்கிருந்து கொண்டுவருவது? ஓலைச்சுவடிக் காலத்தில் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். எகர ஏகாரத்துக்கு அப்போது இரண்டு வகைக் கொம்பு இல்லை, வேறுபாடு காட்டவேண்டிய புள்ளியையும் ஓலையில் பெரும்பாலும் வைக்கமாட்டார்கள், படிப்பவர் பார்த்துக்கொள்வார். ஏகாரத்துக்குச் சுழித்த கொம்பு வைத்த வீரமாமுனிவரை அன்றைக்கு மட்டும் கொஞ்சம் திட்டினேன்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒற்றைக் கொம்பு உள்ள விலங்குக்கு டியூரர் இரண்டாவது கொம்பு வைத்தார். இரட்டைக் கொம்பு வேண்டிய எழுத்துக்கு நான் ஒற்றைக் கொம்போடு நிறுத்திவிட்டேன். கணக்கு சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

புத்தகம் தைத்துக் கொடுத்த அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பைண்டிங் வேலையில் முப்பது வருடக் கை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைப் பார்த்தார்.

"பதினொண்ணும் தூக்கிப் போடப்போறியா?"

"தாள் மிச்சம் இல்லக்கா."

"அப்ப விடு. கட்டையைச் சரி பண்ணு. மிச்சத்துக்கு ஒழுங்கா வரட்டும். அந்தப் பெரியவரே வருசத்தைத் தப்பாப் போட்டுட்டு நிம்மதியா இருந்திருக்கார், உனக்கென்ன தம்பி?"

கட்டையைச் சரிசெய்வது பழைய வித்தைதான். தப்பான எழுத்து இருக்கும் இடத்தில் ஆறு மில்லிமீட்டருக்கு ஒரு குழி துளைத்து, அதே மரத்தில் ஒரு ஆப்பு சீவி, பசை போட்டு அடித்து இறக்கி, மேற்பரப்பைச் சமமாக இழைத்து, அதன் மேல் புதிதாக எழுத்தைச் செதுக்க வேண்டும். பன்னிரண்டாவது பிரதியிலிருந்து மேனி மேனியாகவே வந்தது. உற்றுப் பார்த்தால் அந்த எழுத்தைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஒரு வட்டம் தெரியும். ஆக, 1 முதல் 11 வரை ஒரு மாதிரி, 12 முதல் 40 வரை வேறு மாதிரி. கடைசிப் பக்கத்தில் இதையும் ஒரு வரி எழுதினேன். மறைக்க வேண்டாம் என்றுதான் எழுதினேன். அதன் பலன், 23ஆம் எண் பிரதியை வாங்கிய ஒருவர் இரண்டே வாரத்தில் கேட்டார்: பிழை உள்ள பிரதி ஏதாவது மிச்சம் இருக்கிறதா, மாற்றிக்கொள்ளலாமா, வித்தியாசத்தைத் தந்துவிடுகிறேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல் வந்தது. ஒரு மாதம் தலைகுனிந்து சரிசெய்த எழுத்தைவிட, சரிசெய்யாத எழுத்துக்கு மதிப்பு அதிகம். காரணம் அது பதினொன்று, இது இருபத்தொன்பது.

மரம் எத்தனை தாங்கும்

இத்தனை பிரதிதான் என்று முடிவுகட்டி ஒவ்வொன்றுக்கும் எண் போடும் பழக்கத்துக்கு ஒரு நியாயமான பிறப்பு உண்டு. செப்புத் தகட்டில் ஊசியால் நேரடியாகக் கீறிச் செய்யும் படங்களில், கீறலின் ஓரத்தில் எழும்பி நிற்கும் பிசிறில்தான் அந்த வெல்வெட் கறுப்பு வரும். அச்சகத்தில் நசுங்க நசுங்க அந்தப் பிசிறு சில பத்துப் பிரதிகளுக்குள் படிந்துவிடும். அங்கே மூன்றாவது பிரதிக்கும் அறுபதாவது பிரதிக்கும் நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறது, எண் போட்டால் வாங்குபவருக்கு ஒரு தகவல். மரம் அப்படி இல்லை. நல்ல கட்டை ஆயிரக்கணக்கில் கொடுக்கும். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலைப் படத்தை ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள். பிந்தைய பிரதிகளில் கோடுகள் உடைந்திருப்பதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். மரக்கட்டையில் நாற்பதோடு நிறுத்துவது மரத்தின் முடிவு அல்ல. கல்யாணமான பிறகு ஜாதகம் பார்ப்பதுபோல, எண்ணை முதலில் வைத்துக்கொண்டு காரணத்தைப் பிறகு தேடுகிறோம்.

டியூரருக்கு இந்தக் கவலையே இல்லை. 1498இல் அவர் தன் கையாலேயே வெளியிட்ட முதல் மரச்செதுக்குப் புத்தகம், பதினைந்து படங்கள், ஜெர்மனில் ஒரு பதிப்பு, லத்தீனில் ஒரு பதிப்பு. 1511இல் அதே கட்டைகளை எடுத்து மறுபடியும் அச்சிட்டார், புதிதாக ஒரு முகப்புப் படத்தோடு. விற்கிறவரை விற்பது, தீர்ந்தால் அடிப்பது. அவருடைய மனைவி ஆக்னஸ் சந்தைகளில் உட்கார்ந்து படம் விற்றார். டியூரர் 1509இல் எழுதிய ஒரு கடிதத்தில், ஓவியம் தீட்டிக்கொண்டு கிடக்காமல் செப்புச் செதுக்கு வேலையிலேயே இருந்திருந்தால் இன்றைக்கு ஆயிரம் ஃபுளோரின் கூடுதலாக வைத்திருப்பேன் என்று அலுத்துக்கொள்கிறார். அவருடைய பயம் பிரதி பெருகுவதைப் பற்றி இல்லை, அடுத்தவன் பெருக்குவதைப் பற்றி. மார்க்கன்டோனியோ ரைமோண்டி என்ற இத்தாலியச் செதுக்குக் கலைஞர் அவருடைய படங்களை ஏ.டி. என்ற முத்திரையோடு சேர்த்து அப்படியே நகலெடுத்தார். டியூரர் வெனிசுக்கே போய் முறையிட்டார், முத்திரையைப் போடக் கூடாது என்ற தீர்ப்பு மட்டும்தான் கிடைத்தது என்று, கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி எழுதிவைத்திருக்கிறார். 1511இல் வந்த புத்தகங்களில், அடுத்தவர் உழைப்பைத் திருடுகிறவர்களே, கை வைக்காதீர்கள் என்ற எச்சரிக்கை பேரரசர் பெயரோடு அச்சாகியிருக்கிறது. திருடனுக்கு எச்சரிக்கை உண்டு. எத்தனை பிரதி என்ற பேச்சு இல்லை.

காண்டாமிருகக் கட்டை அவர் 1528இல் இறந்த பிறகும் ஓயவில்லை. 1540களில் மறுபடி அச்சானது. ஏறக்குறைய 1620இல் ஆம்ஸ்டர்டாமில் வில்லெம் யான்சென் என்ற பதிப்பாளர் கைக்குப் போனபோது அதில் பூச்சித் துளைகள், ஓரக் கோடுகள் உடைசல், போதாக்குறைக்கு விலங்கின் கால்களுக்குக் குறுக்கே நீளமாக ஒரு விரிசல். அவர் தூக்கிப் போடவில்லை. பச்சையும் நீலச்சாம்பலுமாக நிறம் கொடுக்க இன்னொரு கட்டை செய்து, அதற்கு மேல் இந்த உடைந்த கட்டையை அடித்தார். மொத்தம் எட்டுப் பதிப்பு. விரிசல் விழுந்த பிறகும் விலங்கு நடந்துகொண்டுதான் இருந்தது.

அதே 1515இல் ஆக்ஸ்பர்க்கில் ஹான்ஸ் புர்க்மைர் என்பவரும் அதே விலங்கை மரத்தில் செதுக்கினார். அவருடையதில் பிடரிக் கொம்பு இல்லை, முன்னங்கால்களில் கட்டு இருக்கிறது, நிஜ விலங்குக்கு இன்னும் கிட்டத்தில் நிற்கிறது. இன்றைக்கு அதில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பிரதி, வியன்னாவின் அல்பெர்டினா அருங்காட்சியகத்தில். அரிது என்றால் இதைவிட அரிது கிடையாது. ஆனால் உலகத்தின் கண்ணில் காண்டாமிருகமாக நின்றது ஆயிரக்கணக்கில் அடித்த தப்புப் படம்தான். இரவு தூக்கம் வராதபோதெல்லாம் இந்த இரண்டு படங்களையும் மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நாற்பதோடு நிறுத்தி, கட்டையையும் அறுப்பது, தெரிந்தே புர்க்மைர் பக்கம் போய் நிற்பதல்லவா?

துணைக்கு ஆளும் கிடைத்தார். அமெரிக்கக் கலைஞர் எட் ருஷே 1963இல் இருபத்தாறு பெட்ரோல் பங்குகளின் புகைப்படங்களைச் சின்னப் புத்தகமாகப் போட்டார். முதல் 400 பிரதிகளுக்கும் எண் போட்டார். பிறகு ஒரு பேட்டியில், எண் போட்டதுதான் நான் செய்த தவறு என்று சொல்லிவிட்டு, அடுத்த பதிப்புகளில் எண்ணை விட்டுவிட்டார். 1969இல் மூவாயிரம் அடித்தார். இதைப் படித்த அன்று போர்வைக்குள் இருக்கும் கட்டைகளைத் தட்டிக்கொடுக்காத குறை.

கரண்டி

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது என் தோள்பட்டையில் இருக்கிறது.

எனக்கு அச்சு இயந்திரம் கிடையாது. கட்டையில் உருளையால் மை தடவி, தாளை மேலே விரித்து, பின்புறத்தை மரக்கரண்டியின் முதுகால் தேய்க்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, சின்னச் சின்ன வட்டமாக. காண்டாமிருகம் ஒன்றுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகும். மையின் பதத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, காதால்தான் கேட்க வேண்டும். உருளை கட்டையில் ஓடும்போது மெல்லிசாகச் சரசரக்க வேண்டும். சப்புச் சப்பென்று ஈரச் சத்தம் வந்தால் மை அதிகம், செதில்களுக்கு நடுவில் இருக்கும் நுண்கோடுகள் அடைத்துவிடும். பாதியில் தாளின் ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, வெளிறிய இடத்தில் கரண்டியை மறுபடி ஓட்ட வேண்டும். தாள் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் விலங்குக்கு இரண்டு கண் வந்துவிடும். நாற்பது புத்தகம், பன்னிரண்டு படம், 480 தடவை. கெட்டுப்போனதையும் சேர்த்தால் அறுநூறுக்கு வந்திருக்கும்.

இருபதாவது பிரதிவரை நான் அடித்ததெல்லாம் சுமார்தான். இருபத்தேழாவது பிரதியில் என்னவோ நடந்தது. கட்டை மையைக் குடித்துப் பதமாகியிருந்தது, கை எங்கே அழுத்த வேண்டும் எங்கே சும்மா தடவிவிட வேண்டும் என்று கேட்காமலே போய்க்கொண்டிருந்தது. தாளைத் தூக்கியபோது கண்ணுக்கு மேலிருக்கும் அந்தச் சுருக்கங்கள், முந்தைய இருபத்தாறிலும் கறுப்பாக அப்பியிருந்தவை, ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன. அதை அடிக்கும்போது எனக்குள் ஓடியது, இன்னும் பதின்மூன்றுதான் என்ற கணக்கு. முடிவே இல்லாத வேலையாக இருந்திருந்தால் அன்றைக்கு அவ்வளவு மெதுவாகத் தேய்த்திருப்பேனா என்று தெரியவில்லை. மரத்துக்கு நாற்பது என்ற எல்லை இல்லை, சரி. எனக்கு இருந்தது. வலது தோள் நாற்பத்தொன்றாவதைக் கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டிருக்கும்.

இந்த வாதத்தையும் அக்காவிடம் வைத்தேன். எல்லை என் கையுடையது என்றால், கட்டையை எதற்கு அறுக்க வேண்டும்? நாளைக்கு அச்சு இயந்திரம் உள்ள யாராவது எளிய தாளில் ஆயிரம் அடிக்கட்டுமே. முன்னுதாரணமும் வைத்திருந்தேன். இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் நடத்திய கெல்ம்ஸ்காட் என்ற கலைநூல் அச்சகம் 1898இல் மூடியபோது அதன் மரக்கட்டைகளை யாரும் அறுக்கவில்லை. நூறு வருடத்துக்கு மறு அச்சு கூடாது என்ற நிபந்தனையோடு பிரிட்டிஷ் மியூசியத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். நானும் அப்படிப் பூட்டி வைத்துவிடுகிறேனே?

அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். முடித்துவிட்டு, "அவங்க என்ன எழுதிக் கொடுத்தாங்க? பூட்டி வைக்கிறோம்னு. நீ என்ன எழுதிக் கொடுத்தே?" என்றார்.

நான் பேசவில்லை.

"நாப்பது பேரு அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டுக் காசு கொடுத்திருக்காங்க தம்பி. உனக்கு அந்த வழக்கம் பிடிக்கலைன்னா அடுத்த புத்தகத்துல எழுதாதே. இதுல எழுதியாச்சு. தைச்சும் கொடுத்துட்டேன்."

டியூரர், ருஷே, மாரிஸ் என்று நான் அடுக்கிவைத்த ஆட்களில் ஒருவரும் இதற்குப் பதில் சொல்லவில்லை. நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தது ஒரு வழக்கத்தோடு. அக்கா கேட்டது நான் கையெழுத்துப் போட்ட ஒரு வாக்கியத்தைப் பற்றி. எண் போடுவது அபத்தம் என்று எனக்கு இன்றைக்கும் அபிப்பிராயம் உண்டு, மரச்செதுக்கில் முக்கால்வாசி அபத்தம்தான். ஆனால் அந்த அபத்தத்தின் விலையை நாற்பது பேரிடமும் வாங்கிக்கொண்டு, கட்டையை மட்டும் கொள்கைக்காகக் காப்பாற்றுகிறேன் என்றால், அதற்கு வேறு பெயர் இருக்கிறது. அந்த வாரமே 6ஆம் எண் பிரதியை வாங்கியவரிடமிருந்து கடிதமும் வந்தது. ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தார்: இரத்து செய்த கட்டையில் எடுத்த மாதிரிப் பிரதியின் படம் ஒன்று அனுப்ப இயலுமா, என் சேகரிப்புக் குறிப்புக்காக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்வையைப் பிரித்தேன். பிளைவுட் கட்டைகள் பதினொன்றையும் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன், அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. பிளைவுட்டில் உளி கிரீச்சிட்டுக்கொண்டு போகும், சில்லு சில்லாகப் பெயரும், சீக்கிரம் முடித்தால் போதும் என்று இருக்கும். பேரி மரப் பலகையை எடுத்து வைத்தபோதுதான் கை நின்றது. மை ஊறி ஊறி அது வெறும் கறுப்பாக இல்லை, பழைய தோல்செருப்பு மாதிரி ஒரு மினுமினுப்பு. ஆப்பு வைத்த அந்தச் சின்ன வட்டத்தை விரல்நுனியால் தடவினால் தட்டுப்படவே இல்லை, அவ்வளவு நன்றாக உட்கார்ந்திருந்தது. வழக்கமாக மூலைக்கு மூலை பெருக்கல் குறி போடுவார்கள். அப்படிப் போட்டால் இரண்டு கோடும் வெட்டிக்கொள்வது சரியாக வயிற்றில், ஒன்று கண்ணுக்குப் பக்கத்தில் போகும். மேலே இழுத்தால் கொம்பு போகும். இல்லாத அந்தப் பிடரிக் கொம்பை மட்டும் சீவி எடுத்துவிடலாமா, டியூரரைத் திருத்தியதுபோலவும் இருக்கும் என்று ஒரு நிமிடம் குறும்பாகத் தோன்றியது. இரத்து என்று யாரும் அதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள், திருத்திய பதிப்பு என்பார்கள்.

கடைசியில் கால்களைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஆம்ஸ்டர்டாம் பிரதிகளில் விரிசல் ஓடுகிறதே, கிட்டத்தட்ட அந்த உயரத்தில். ஸ்கேல் வைக்கவில்லை. முக்கோண உளியை இடது ஓரத்தில் ஊன்றி, மரத்தின் நெடுக்கிலேயே தள்ளினேன். பேரி மரம் சத்தமே போடவில்லை. வெண்ணெயில் போவதுபோல என்று சொல்லமாட்டேன், அவ்வளவு சுலபமில்லை, ஆனால் ஒரே சீராகப் போனது. உளிக்கு முன்னால் ஒற்றைச் சுருளாக மரம் எழும்பிக்கொண்டே வந்தது, ஒரு பக்கம் மையின் கறுப்பு, மறுபக்கம் அதுவரை வெளிச்சமே படாத இளஞ்சிவப்பு. நான்கு காலையும் தாண்டி வலது ஓரத்தில் வெளியே வந்தபோது சுருள் அறுந்து தரையில் விழுந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. இதற்காகவா நான்கு மாதம் என்று இருந்தது.

மை தடவி, மிஞ்சிக்கிடந்த சாதாரணத் தாளில் மூன்று பிரதி எடுத்தேன். கரண்டியைக் கையில் எடுத்ததும் தோள் அதுவாகவே பழைய வட்டத்தைப் பிடித்துக்கொண்டது. தாளைத் தூக்கினேன். நாற்பது பிரதியிலும் விலங்கு வெட்டவெளியில் நின்றுகொண்டிருந்தது. இதில் அந்த வெள்ளைக் கோடு கால்களுக்குக் குறுக்கே தண்ணீர்மட்டம் மாதிரி ஓடியது. விலங்கு கரையோர நீரில் முழங்கால் ஆழத்தில் நிற்பதுபோல இருந்தது, கப்பல் மூழ்குவதற்கு முந்தியா பிந்தியா என்று சொல்ல முடியாதபடிக்கு. பன்னிரண்டு படம் செதுக்கியும் எனக்கு அகப்படாத ஒன்று அதில் இருந்தது என்று சொன்னால் மிகையாகத் தெரியும். எனக்கு அப்படித்தான் பட்டது.

ஒரு பிரதியை அக்காவுக்குக் கொடுத்தேன். அவர் அதைப் பசைச் சட்டிக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார், ஏற்கெனவே ஒரு மூலையில் பசை தெறித்திருக்கிறது. இன்னொன்று கட்டையோடு சேர்த்து அதே போர்வையில் இருக்கிறது. மூன்றாவதைப் படமெடுத்து 6ஆம் எண்காரருக்கு அனுப்பினேன். மறுநாளே பதில். நன்றி சொல்லிவிட்டு, இந்தக் கோடு போட்ட பிரதி விற்பனைக்கு உண்டா, மொத்தம் எத்தனை எடுத்தீர்கள், எண் போட்டுக் கையெழுத்திட்டுத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

மூன்று என்று மட்டும் எழுதிவிட்டுப் பென்சிலைத் தேடினேன். பிறகு அந்தக் கடிதத்தை அனுப்பாமல் வைத்துவிட்டேன். இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது.